காந்தத் துகளும் அது போட்டுக்கிற சட்டையும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல காந்த நானோ துகள் பத்தி ஒரு சின்ன குறிப்பு எழுதியிருந்தேன். இரும்பு ஆக்சைட தலைமுடி தடிமன்ல ஆயிரக்கணக்குல ஒரு பங்கா செஞ்சு, அத வச்சு நோயக் கண்டுபிடிக்கிறாங்க, வைத்தியமும் பண்ணிப் பாக்கறாங்கன்னு அதுல சொல்லியிருந்தேன். அவ்ளோதான், அதுக்கு இத்தன கடிதம் வரும்னு நான் நினைக்கவே இல்ல. காலேஜ் பசங்க, லேப்ல வேலை பாக்கறவங்க, வீட்ல நோயாளிய வச்சுக்கிட்டு தவிக்கிறவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. நான் பல வருஷம் இந்தத் துகள் கலந்த கருப்புத் தண்ணியோடயே லேப்ல இருந்தவ, அதனால தெரிஞ்சத நேராவே சொல்லிடறேன். வைத்தியம் பத்தின முடிவ மட்டும் உங்க டாக்டர்கிட்டதான் எடுக்கணும்.

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி மாணவர், திண்டுக்கல்
அக்கா, ப்ராஜெக்ட்டுக்கு கோ-பிரிசிபிடேஷன் முறைல, அதாவது ரெண்டு இரும்பு உப்ப ஒண்ணா கரைச்சு படிய வச்சு, மேக்னடைட்ங்கற காந்த இரும்பு ஆக்சைடு பண்றேன். எல்லா பேப்பர்லயும் கருப்பா வரும்னு போட்டிருக்கு, எனக்கு மூணு தடவையும் செம்பழுப்பாதான் வருது. காந்தம் வச்சா கொஞ்சம் இழுக்குது, கொஞ்சம் அப்படியே அடில கிடக்குது. எங்க தப்பு பண்றேன்?

தம்பி, மொதல்ல உங்க ஃபெரஸ் குளோரைடு பாட்டிலத் திறந்து கலரப் பாருங்க. நல்லா இருந்தா வெளிர் பச்சையா இருக்கணும். மஞ்சளா, பழுப்பா இருந்துச்சுன்னா அது பாட்டிலுக்குள்ளயே காத்துபட்டு ஃபெரிக்கா, அதாவது ஆக்சிஜன் பட்டு மாறின இரும்பு வடிவமா, மாறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், நீங்க எவ்ளோ கரெக்டா எடை போட்டாலும் கணக்கு தப்பாத்தான் வரும். ஃபெரஸ் 1 பங்கு, ஃபெரிக் 2 பங்கு, அதுவும் மோல் கணக்குல, கிராம் கணக்குல இல்ல. ஃபெரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம் எடுத்தீங்கன்னா அந்த 1:2 வந்துடும், எல்லாம் ஒழுங்கா நடந்தா கடைசில 2.3 கிராம் மேக்னடைட் கைக்கு வரணும். இந்த 2.3ஐ நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, எவ்ளோ குறையுதுன்னு பாத்தாலே நிறைய விஷயம் புரியும்.

அடுத்தது தண்ணி. டிஸ்டில்டு வாட்டர்னு அப்படியே ஊத்திடாதீங்க, அதுலயும் ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும். நல்லா கொதிக்க வச்சு, நைட்ரஜன் குமிழி விட்டுக்கிட்டே ஆறவிடணும். அப்புறம் ரெண்டு உப்பையும் கரைச்சு, 70, 80 டிகிரில வேகமா கலக்கிக்கிட்டே அமோனியாவ விடுங்க, புகைய உறிஞ்சி வெளிய தள்ளற ஃப்யூம் ஹூடுக்குள்ள மட்டும், கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு, ஏன்னா அந்த நெடி ஒரே மூச்சுல தொண்டைய அடைச்சிடும். மொதல் சில சொட்டுல ஆரஞ்சு தண்ணி கலங்கி பழுப்பாகும், அப்ப பயப்பட வேணாம். பிஹெச் 9, 10 தாண்டற எடத்துல ஒரு நொடில மொத்த ஃப்ளாஸ்கும் கருப்பாயிடும். கண்ணு முன்னாடி மை கொட்டின மாதிரி இருக்கும். எத்தன வருஷம் பண்ணாலும் அந்த ஒரு நொடிய நான் நின்னு பாக்காம இருந்ததே இல்ல.

கருப்பா வந்த அப்புறமும் காரியம் முடியல. ஒரு தடவ எங்க லேப்ல அழகா கருப்பா வந்ததக் கழுவி, சாயங்காலம் சாதாரண ஓவன்ல 80 டிகிரில காய வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலைல வந்து பாத்தா தட்டோட ஓரமெல்லாம் செங்கல் பொடி கலரு. மேக்னடைட் காத்துல ஆக்சிஜன் வாங்கிக்கிட்டு மேக்ஹெமைட்ங்கற பழுப்பு இரும்பு ஆக்சைடா மாறியிருந்துச்சு. துகள் சின்னதாக ஆக அதுக்கு மேல்பரப்பு அதிகம், அதனால துருப்பிடிக்கிற வேகமும் அதிகம். காய வைக்கணும்னா வேக்கம் ஓவன், இல்லன்னா தண்ணிலயே வச்சிருங்க.

உங்ககிட்ட இருக்கற பழுப்புப் பொடியத் தூக்கிப் போடாதீங்க. காந்தம் இழுக்கற பழுப்பு அநேகமா மேக்ஹெமைட், அதுவும் மருத்துவத்துக்குப் பயன்படற துகள்தான். இழுக்காம அடில கிடக்கறது காந்தமில்லாத வேற இரும்பு ஆக்சைடு. இன்னொரு விஷயம், எக்ஸ்ஆர்டி, அதான் எக்ஸ்-கதிர் விட்டு படிகத்தப் பாக்கற சோதனை, எடுத்து ‘மேக்னடைட் உறுதியாயிடுச்சு’ன்னு தீசிஸ்ல எழுதிடாதீங்க, மேக்னடைட்டோட கோடுங்களும் மேக்ஹெமைட்டோட கோடுங்களும் கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் விழும், வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டா மாட்டிக்குவீங்க. இரும்பு அணு எந்த நிலைல இருக்குன்னு காட்டற மாஸ்பவர் ஸ்பெக்ட்ரம் இருந்தா பிரிச்சு சொல்லலாம்.

நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல நினைக்கிறது இனிமேதான் வருது. துகளச் செய்யறது இதுல சின்ன வேலை, ஒரு மத்தியானம் போதும். அத ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்க வைக்கறதுதான் பெரிய வேலை, அதுக்குத்தான் மேல ஒரு பூச்சு போடறோம், நான் அத சட்டைன்னு சொல்லுவேன். இது ஆரம்பத்துலேருந்தே இப்படித்தான். 1960கள்ல நாசாவுல ஸ்டீபன் பாப்பெல்ங்கறவர், எடையே இல்லாத எடத்துல ராக்கெட் எரிபொருள காந்தத்தால இழுத்து பம்புக்குக் கொண்டு வர முடியுமான்னு யோசிச்சார். மேக்னடைட்ட ஒலிக் ஆசிட்டோட சேத்து நாள்கணக்கா அரைச்சார், அந்த ஒலிக் ஆசிட்தான் சட்டை. அது இல்லன்னா எவ்ளோ நைசா அரைச்சாலும் அடில மண்டியாத்தான் தங்கும். அப்புறம் 1981ல ஃபிரான்ஸ்ல ரெனே மஸ்ஸார், அரைக்கவே வேணாம், கரைசல்லேருந்தே நேரா வரவழைக்கலாம்னு காட்டினார், நீங்க பண்றது அவரோட வழிதான். உங்களுக்கு சிட்ரிக் ஆசிட் போதும், விலையும் கம்மி, லேப்லயும் இருக்கும். கழுவின ஈரத் துகள்ல சிட்ரிக் ஆசிட் கரைசல ஊத்தி 80, 90 டிகிரில ஒரு மணி நேரம் கலக்குங்க. சட்டை ஒழுங்கா ஏறியிருந்தா பீக்கர் ஓரத்துல காந்தத்த வச்சா துகள் மட்டும் தனியா ஓடி வராது, கருப்புத் தண்ணி மொத்தமும் காந்தத்தப் பாத்து சாயும். அது வந்தா எனக்கு எழுதுங்க.

புத்தக வாசகி, தஞ்சாவூர்
காந்தத் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமே. அத ரத்தத்துல விட்டா கட்டி கட்டியா சேந்து அடைச்சிடாதா?

சின்ன வயசுல ஆத்து மணல்ல காந்தத்த இழுத்துட்டுப் போனா கருப்பா மீசை மாதிரி ஒட்டுமே, ஞாபகம் இருக்கா? அந்தக் கருப்பு மணல்ல பெரும்பாலும் இதே மேக்னடைட்தான். அந்த மணல நேரா ரத்தத்துல விட்டா நீங்க சொல்ற மாதிரி அடைக்கத்தான் செய்யும். ஆனா அதே பொருள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழ போயிடுச்சுன்னா குணமே மாறிடுது. அவ்ளோ சின்ன துகள்ல காந்தத்தோட வடக்கு தெற்க ஒரு பக்கமா பிடிச்சு வைக்கற சக்தி ரொம்பக் கம்மி, சாதாரண அறை வெப்பமே அத நிமிஷத்துக்கு நிமிஷம், ஏன் நொடிக்குள்ள எத்தனையோ தடவ புரட்டிப் போட்டுடும். அதனால சராசரியா பாத்தா அது காந்தமே இல்லாத மாதிரி கிடக்கும். வெளிலேருந்து ஒரு காந்தத்தக் காட்டினா எல்லாம் ஒரே திசைல நிக்கும், காந்தத்த எடுத்தா மறுபடி கலைஞ்சிடும். இதுக்கு சூப்பர்பாராமேக்னடிசம்னு பேரு, ஏன் இப்படி நடக்குதுன்னு 1949ல லூயி நீல் கணக்குப் போட்டுக் காட்டினார், காந்தவியல்ல அவர் பண்ண வேலைக்காக 1970ல நோபல் பரிசும் குடுத்தாங்க.

அதுக்காக கவலையே இல்லன்னு சொல்ல மாட்டேன். காந்தத்தால ஒட்டலன்னாலும் ரத்தத்துல இருக்கற புரதமும் உப்பும் சேந்து ஒட்ட வச்சிடும், அதத் தடுக்கத்தான் டெக்ஸ்ட்ரான் மாதிரி சர்க்கரைச் சங்கிலிய சட்டையா போடறாங்க. ரொம்பச் சின்னதா, ஒரு 6 நானோமீட்டருக்குக் கீழ இருந்தா கிட்னி வடிகட்டி வெளிய தள்ளிடும், 200ஐத் தாண்டினா மண்ணீரல் பிடிச்சுக்கும். நடுவுல இருக்கறதுதான் ரத்தத்துல கொஞ்ச நேரம் சுத்தும்.

லேப் டெக்னீஷியன், ஈரோடு
மேடம், கொரோனா சமயத்துல நாங்க ராத்திரி பகலா ஆர்என்ஏ எடுத்தோம். கிட்ல ஒரு பழுப்புத் தண்ணி பாட்டில் இருக்கும், நல்லா குலுக்கிட்டுதான் எடுக்கணும்னு சொல்லுவாங்க. அதுவும் இதுதானா?

அதேதான். நீங்க செஞ்ச வேலையோட அருமை எத்தன பேருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியல, அதனால இங்க கொஞ்சம் விரிவாவே எழுதறேன். அந்தப் பழுப்புத் தண்ணில இருக்கறது சிலிக்கா சட்டை போட்ட காந்தத் துகள். மூக்குலேருந்து எடுத்த சாம்பிள்ல குவானிடின் உப்ப ஊத்தினா வைரஸ் உடைஞ்சு அதோட மரபுப் பொருளான ஆர்என்ஏ வெளிய வரும், அந்த உப்பு நிறைய இருக்கற வரைக்கும் ஆர்என்ஏ போய் சிலிக்கா மேல ஒட்டிக்கும். சிலிக்காவோட இந்தக் குணத்த வச்சு 1990லயே நெதர்லாந்துல பூம்ங்கறவரோட குழு முறை வகுத்துட்டாங்க, ஆனா அதுல சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தணும். உள்ள காந்தத்த வச்சதும் சுத்தற வேலையே போச்சு. ட்யூப காந்த ஸ்டேண்ட்ல வச்சு ஒரு நிமிஷம் விட்டா பழுப்பெல்லாம் ஒரு பக்கச் சுவர்ல பொட்டு வச்ச மாதிரி ஒட்டிக்கும், தண்ணி தெளிஞ்சிடும், அழுக்குத் தண்ணிய உறிஞ்சிட்டு ஆல்கஹால்ல கழுவிட்டு, கடைசில உப்பில்லாத தண்ணி குடுத்தா ஆர்என்ஏ பிரிஞ்சு வந்துடும். குலுக்கச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு, துகள் அடில தங்கிட்டா ஒரு ட்யூபுக்கு நிறைய போகும், இன்னொண்ணுக்கு வெறும் தண்ணிதான் போகும், அப்ப பாசிட்டிவ் ஆளுக்கும் நெகட்டிவ்னு ரிசல்ட் வந்துடும்.

2020ல வெளிநாட்டுக் கிட் வராம நாம திண்டாடினப்போ திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் காந்தத் துகள வச்சே ‘சித்ரா மேக்னா’ன்னு ஒரு ஆர்என்ஏ கிட் பண்ணினாங்க, கொச்சில ஒரு கம்பெனி மூலமா அது வெளிய வந்துச்சு. நம்ம பக்கத்துல, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துலயும் காந்தத் திரவம் பத்தி ரொம்ப வருஷமா வேலை நடக்குது.

இதுக்கெல்லாம் முன்னோடி நார்வேல ட்ரோண்ட்ஹைம் ஊர்ல இருந்த யான் உகெல்ஸ்டாட். 1970கள்ல அவர் எல்லாமே ஒரே அளவுல இருக்கற பிளாஸ்டிக் மணிங்களச் செஞ்சார், அப்புறம் அந்த மணிக்குள்ள இருக்கற ஓட்டைங்கள்ல இரும்பு ஆக்சைட நிரப்பினாங்க. 1980கள்ல லண்டன்ல நியூரோபிளாஸ்டோமாங்கற புற்றுநோய் வந்த குழந்தைங்களோட எலும்பு மஜ்ஜைய எடுத்து, புற்று செல்ல மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடிய அந்த மணி மேல ஏத்தி, காந்தத்தால கெட்ட செல்ல இழுத்துட்டு மிச்சத்தத் திரும்ப குழந்தைக்கே குடுத்தாங்க. உங்க ட்யூப் சுவர்ல ஒட்டின அந்தப் பழுப்புப் பொட்டும் இதே வம்சந்தான்.

பேர் வேண்டாம்னு சொன்ன வாசகி, மதுரை
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆரம்ப நிலைதான்னு சொல்றாங்க. அக்குள்ல நிணநீர்க் கட்டியப் பரிசோதிக்க நீல டை போடுவாங்களாம். வெளிநாட்ல காந்தத் துகள் போடறாங்கன்னு படிச்சேன். அது இல்லாததால எங்கம்மாவுக்கு குறைஞ்ச வைத்தியம்தான் கிடைக்குதா?

இல்லம்மா, அந்தக் கவலைய விடுங்க. புற்று பரவினா மொதல்ல எந்தக் கட்டிக்குப் போகுமோ அந்தக் காவல் கட்டியத் தேடி எடுத்துப் பாக்கறதுதான் இந்தப் பரிசோதனை. அதுல புற்று இல்லன்னா அக்குள்ல மொத்தத்தையும் வெட்டி எடுக்க வேணாம், பின்னாடி கை வீங்கற தொல்லையும் பெருசா இருக்காது. அந்தக் கட்டிய அடையாளம் காட்ட நீல டை, டெக்னீஷியம்ங்கற கதிரியக்க மருந்து, இல்ல ரெண்டும் சேத்துப் போடுவாங்க. காந்த முறைல மார்புல பழுப்புத் திரவத்த ஊசில ஏத்துவாங்க, துகள் நிணநீர் வழியா போய் காவல் கட்டில தங்கும், சர்ஜன் பேனா மாதிரி ஒரு கருவிய அக்குள் மேல வச்சுத் தேடினா அது சத்தம் போட்டுக் காட்டும். இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல எண்டோமேக்னு ஒரு கம்பெனி கொண்டு வந்த மேக்ட்ரேஸ் இந்த வகை, 2018ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

ரெண்டையும் ஒரே நோயாளிங்ககிட்ட வச்சு இங்கிலாந்து, நெதர்லாந்து ஆஸ்பத்திரிங்கள்ல ஒப்பிட்டாங்க, 160 பேர் சொச்சம். பழைய முறைல கட்டி கிடைச்சது 95 சதவீதம், காந்தத்துல 94.4. அதாவது ரெண்டும் சமம். காந்தத்தோட உண்மையான லாபம் வேற எடத்துல இருக்கு. டெக்னீஷியம் 6 மணி நேரத்துல பாதியா குறைஞ்சிடும், அதனால நியூக்ளியர் மெடிசின் பிரிவு பக்கத்துலயே இருக்கணும், ஆப்பரேஷன் நேரத்தையும் அதுக்குத் தகுந்த மாதிரி வைக்கணும், காந்தத் துகள முன்னாடி நாளே போட்டு வச்சுக்கலாம். நஷ்டமும் இருக்கு, ஊசி போட்ட எடத்துல தோல் பழுப்பா மாறி மாசக்கணக்கா இருக்கும், பின்னாடி மார்புக்கு எம்ஆர்ஐ எடுக்கணும்னா அந்த எடம் கருப்பா மறைஞ்சிடும். உங்கம்மாவுக்கு நீல டையே கைப்பழக்கம் உள்ள சர்ஜன் கைல நல்லாத்தான் நடக்கும். நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: "இந்தக் கட்டிப் பரிசோதனைய நீங்க எத்தன பேருக்குப் பண்ணியிருக்கீங்க?" அம்மாவ நல்லா பாத்துக்கோங்க.

ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்
என் மனைவிக்கு கிட்னி பிரச்சனை, இரும்புச்சத்து ஊசி ஏத்தறாங்க. எம்ஆர்ஐ எடுக்கும்போது அத சொல்லணுமா?

சொல்லுங்க சார், எந்த ஊசின்னு பேர எழுதிக் கொண்டு போய் காட்டுங்க. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தசோகை உள்ள கர்ப்பிணிங்களுக்கு ட்ரிப்ஸ்ல ஏத்துற அயர்ன் சுக்ரோஸ்கூட சர்க்கரைச் சட்டை போட்ட இரும்பு நானோ துகள்தான், ஆனா அது மேக்னடைட் இல்ல. ஃபெருமாக்சிடால்னு ஒரு மருந்து இருக்கு, அதுதான் உண்மையிலேயே காந்த வகை. கிட்னி நோயாளிங்களோட ரத்தசோகைக்கு 2009ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, அது ஏத்தினா 3 மாசம் வரைக்கும் எம்ஆர்ஐ படம் மாறித் தெரியலாம். கடுமையான அலர்ஜி வந்து உயிர் போன சம்பவங்களால 2015ல அதுக்கு கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையும் சேத்தாங்க, வேகமா ஊசில செலுத்தாம ட்ரிப்ஸ்ல மெதுவாத்தான் ஏத்தணும்னு மாத்தினாங்க.

படத்த மாத்தற இதே குணத்தத்தான் ஒரு காலத்துல கல்லீரல் ஸ்கேனுக்குப் பயன்படுத்தினாங்க. கல்லீரல்ல கண்டதையும் முழுங்கற குப்ஃபர் செல்லுங்க உண்டு, ஊசில போன துகள அதுங்க முழுங்கினதும் நல்ல கல்லீரல் எம்ஆர்ஐல கருப்பாயிடும், புற்றுக் கட்டில அந்த செல் இல்லாததால அது மட்டும் வெளுப்பா பளிச்சுனு தெரியும். 1996ல அமெரிக்காவுல ஃபெரிடெக்ஸ்னு அனுமதி வாங்கினதும் இதுதான். அருமையான யோசனை, ஆனா காடோலினியம்ங்கற வேற உலோகத்த வச்ச எம்ஆர்ஐ ஊசி மருந்துங்க வேகமா, வசதியா வேலை செஞ்சதால டாக்டருங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க, 2000கள் முடியறதுக்குள்ள கம்பெனி தயாரிப்பையே நிறுத்திடுச்சு. எனக்கு இன்னிக்கும் அதுல வருத்தம்தான்.

ஒரு மகன், திருப்பூர்
அப்பாவுக்கு மூளைல கிளையோபிளாஸ்டோமா, ஆப்பரேஷன் ஆகி மறுபடி வந்துடுச்சு. ஜெர்மனில காந்தத் துகள் போட்டு சூடு பண்ணி கட்டிய அழிக்கிறாங்கன்னு சொந்தக்காரர் ஒருத்தர் வீடியோ அனுப்பினார். வீட்ட அடமானம் வச்சாவது கூட்டிட்டுப் போகலாமான்னு யோசிக்கிறோம்.

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன் தம்பி. உங்க எடத்துல யாரா இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பாங்க. அதனால எனக்குத் தெரிஞ்சத எதையும் மறைக்காம சொல்றேன்.

யோசனை பழசு. 1957லயே அமெரிக்காவுல கில்கிறிஸ்ட்னு ஒரு சர்ஜனும் அவர் குழுவும் நிணநீர்க் கட்டில இரும்பு ஆக்சைட ஏத்தி, மாறி மாறி திசை மாறுற காந்தப்புலத்துல வச்சா அந்த எடம் மட்டும் சூடாகுதுன்னு காட்டினாங்க. துகளோட காந்த திசை ஒவ்வொரு தடவ புரளும்போதும் கொஞ்சம் சக்தி சூடா வெளிய போகும், நொடிக்கு 1 லட்சம் தடவ அந்தப் புலம் சுத்தி வந்தா கட்டி 42, 43 டிகிரிக்கு மேல போகும், அந்த சூட்ட புற்று செல் தாங்காது, கதிர்வீச்சும் அதுமேல நல்லா வேலை செய்யும். பெர்லின்ல ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் பல வருஷம் இதுலயே உழைச்சு மேக்ஃபோர்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சார், 2010ல ஐரோப்பாவுல மூளைக் கட்டிக்கு அனுமதியும் கிடைச்சுது. மண்டையோட்டுல சின்ன துளை போட்டு துகள நேரா கட்டிக்குள்ள ஏத்துவாங்க, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ, ஒவ்வொண்ணும் 1 மணி நேரம், மொத்தம் 6 தடவ அந்தக் கருவில படுக்க வைப்பாங்க, கூடவே கதிர்வீச்சும் உண்டு.

முடிவுகள் 2011ல வந்துச்சு. உங்கப்பா மாதிரி கட்டி திரும்ப வந்த 59 பேர். கட்டி திரும்பி வந்ததக் கண்டுபிடிச்ச நாள்லேருந்து அவங்க வாழ்ந்தது மீடியன் கணக்குல 13.4 மாசம், அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல, பாதிப் பேர் அதுக்குக் கீழ. அந்த நோய்க்கு இது நல்ல எண்ணுதான், ஆனா பக்கத்துல வச்சு ஒப்பிட சிகிச்சை குடுக்காத இன்னொரு குழு அந்த ஆய்வுல இல்ல. அதனால துகளாலதான் அவ்ளோ நாள் வாழ்ந்தாங்கன்னு அத வச்சு உறுதியா சொல்ல முடியாது. வீடியோல சொல்லாத விஷயங்களும் இருக்கு. தலைக்கு 40 சென்டிமீட்டருக்குள்ள எந்த உலோகமும் இருக்கக் கூடாது, பல்லுல அடைச்ச உலோகம், கேப் எல்லாத்தையும் மொதல்ல கழட்டணும், ஏன்னா அதுவும் சூடாகும். துகள் மூளைலயே தங்கிடறதால அப்புறம் எம்ஆர்ஐ எடுத்தா அந்த எடமே தெரியாது, கட்டி குறையுதா வளருதான்னு சிடி ஸ்கேன்ல மட்டும்தான் பாக்கணும். மேக்ஃபோர்ஸ் 2022ல திவால் மனுவும் குடுத்துடுச்சு.

வீட்ட அடமானம் வைக்காதீங்க. இத நான் ஆசையக் கெடுக்கறதுக்காக சொல்லல, நானே இந்தத் துகள நம்பி வேலை செஞ்சவ. வழி சரியான வழி, ஆனா இன்னும் போய்ச் சேரல. அப்பாவோட நியூரோ சர்ஜன்கிட்ட மறு ஆப்பரேஷன், மறு கதிர்வீச்சு, கிளினிக்கல் ட்ரையல் இந்த மூணையும் பேர் சொல்லிக் கேளுங்க. வலி, வாந்தி, தூக்கம் இதெல்லாம் பாக்கற பேலியேடிவ் கேர் டாக்டர இப்பவே கூட சேத்துக்கோங்க, அது கடைசி கட்டத்துக்குன்னு தள்ளி வைக்காதீங்க. அந்தப் பணமும் நேரமும் அப்பா கூட வீட்ல இருக்க உதவட்டும்.

வாசகர், சேலம்
காந்த வளையல் போட்டா ரத்தத்துல இருக்கற இரும்ப இழுத்து ஓட்டம் சீராகும்ங்கறாங்களே?

இழுக்காது. ரத்தத்துல இருக்கற இரும்பு துகளா இல்ல, ஹீமோகுளோபின்ல அணு அணுவா தனியா உக்காந்திருக்கு. ஆக்சிஜன் ஏறின ரத்தம் காந்தத்த விட்டு இம்மியளவு விலகத்தான் செய்யும், இத 1936லயே பாலிங்கும் கோர்யெல்லும் அளந்து காட்டிட்டாங்க. கொரோனா தடுப்பூசி போட்ட எடத்துல காசு ஒட்டுதுன்னு 2021ல சுத்தின வீடியோவும் பொய்தான், அந்த ஊசில இரும்பே கிடையாது. காசு ஒட்டினது வியர்வைல.

பார்மசி மாணவி, கோயம்புத்தூர்
மருந்த துகள்ல ஏத்தி, வெளிலேருந்து காந்தத்தால கட்டி இருக்கற எடத்துக்கே இழுத்துட்டு வர முடியாதா மேடம்?

1996ல பெர்லின்ல லுப்பெயும் கூட்டாளிங்களும் எபிரூபிசின்ங்கற புற்றுநோய் மருந்த காந்தத் திரவத்துல ஏத்தி 14 நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, சிலருக்கு துகள் கட்டிப் பக்கம் சேந்துச்சு, ஒரு பங்கு கல்லீரலுக்கும் போச்சு. சிக்கல் காந்தத்துலதான் இருக்கு, தூரம் போகப் போக இழுவை சட்டுனு விழுந்துடும், தோலுக்கு அடில ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்னா பரவாயில்ல, வயித்துக்குள்ள ஆழத்துல ரத்தம் ஓடற வேகத்த எதுத்து 10 நானோமீட்டர் துகளப் பிடிச்சு நிறுத்தறது ரொம்பக் கஷ்டம். துகளப் பெருசாக்கினா இழுவை கூடும், ஆனா அடைப்பு பயம் வந்துடும். ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கறதா இருந்தா சட்டை பக்கமா யோசிங்க, அமிலத்தன்மைல மட்டும் மருந்த விடற பூச்சு மாதிரி. உங்க காலேஜ் லேப்லயே பண்ணக்கூடிய வேலை அது.

எட்டாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி
ஆன்ட்டி, பாக்டீரியா காந்தம் செய்யும்னு எங்க மிஸ் சொன்னாங்க. நிஜமா?

நிஜம் கண்ணா, நம்மள விட நல்லாவே செய்யும்! 1975ல அமெரிக்காவுல ரிச்சர்ட் பிளேக்மோர்ங்கறவர் சேத்துத் தண்ணிய மைக்ராஸ்கோப்ல பாத்துக்கிட்டு இருந்தார். கொஞ்சம் பாக்டீரியா மட்டும் எப்பவும் ஒரே பக்கமா ஓடிச்சு. வெளிச்சத்துக்காக ஓடுதோன்னு மைக்ராஸ்கோப்ப மூடிப் பாத்தார், திருப்பி வச்சுப் பாத்தார், அதே பக்கம்தான். ஒரு காந்தத்தக் கிட்ட கொண்டு வந்ததும் எல்லாம் சட்டுனு திரும்பிடுச்சு. அதுங்களோட உடம்புக்குள்ள மேக்னடைட் துகள் மணி கோத்த மாதிரி வரிசையா இருக்கு. நாங்க துகளச் செஞ்சிட்டு அப்புறம் சட்டை போட அலையறோம், அது மொதல்ல தோல் பை மாதிரி ஒரு உறைய செஞ்சுக்கிட்டு, அதுக்குள்ள துகள வளக்குது. அதனாலதான் எல்லாம் ஒரே அளவு, ஒண்ணும் ஒட்டிக்கறதும் இல்ல.

வடக்குப் பக்க நாடுங்கள்ல இருக்கறதுல பெரும்பாலானது வடக்கு நோக்கி நீந்தும், தெற்குப் பக்க நாடுங்கள்ல தெற்கு நோக்கி நீந்தும். பூமியோட காந்தக் கோடு அங்கெல்லாம் சாய்வா மண்ணுக்குள்ள இறங்கறதால அந்தத் திசைல போனா அடிச் சேத்துக்குப் போயிடலாம், அங்கதான் ஆக்சிஜன் கம்மி, அதுங்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனா உங்க திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஊரு, அங்க அந்தக் கோடு இறங்காம கிட்டத்தட்ட படுக்கையாவே போகுது. இதே மாதிரி நடுக்கோட்டுப் பக்கம் இருக்கற பிரேசில்ல பாத்தப்போ ரெண்டு பக்கம் ஓடறதும் கிட்டத்தட்ட சரிசமமா இருந்துச்சு. உங்க ஊர்க் குளத்துச் சேத்த ஒரு பாட்டில்ல பாதிக்கு எடுத்து, மேல அந்தக் குளத்துத் தண்ணியவே ஊத்தி, வெயில் படாத எடத்துல சில வாரம் வைங்க, வீட்ல பெரியவங்கள கூட வச்சுக்கிட்டு. அப்புறம் பாட்டிலுக்கு வெளிய, சேத்துக்குக் கொஞ்சம் மேல காந்தத்த ஒரு மணி நேரம் ஒட்டி வச்சு, அந்த எடத்துலேருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல மிஸ்ஸோட பாருங்க. எந்தப் பக்கம் எத்தன ஓடுதுன்னு எண்ணி எனக்கு எழுதணும், சரியா?